ஒரே உடலில் இரண்டு புற்றுநோய்: ராமநாதபுரம் கடற்கரைப் பகுதிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

வாயில் ஒரு கட்டி, நுரையீரலில் ஒரு புள்ளி. மார்பில் ஒன்று, தைராய்டில் ஒன்று. ஸ்கேனில் இப்படி இரண்டு இடம் தெரிந்ததும் "பரவிடுச்சு, இனி ஒன்னும் பண்ண முடியாது" என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டும் தனித்தனியாகத் தோன்றிய, தனித்தனியாகக் குணப்படுத்தக்கூடிய நோய்களாக இருக்க வாய்ப்பு உண்டு. தொண்டி முதல் சாயல்குடி வரை, பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் வரை உள்ள குடும்பங்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம்.

இரண்டாவது கட்டி என்றால் முதல் நோய் பரவியதுதானே? அதில் என்ன சந்தேகம்?

பெரும்பாலான சமயம் பரவியதாகவே இருக்கும். ஆனால் எப்போதும் அப்படி இல்லை. பரவிய நோய் என்றால் முதல் கட்டியின் செல்களே ரத்தம் வழியாகவோ நெறிக்கட்டி வழியாகவோ போய் இன்னோர் இடத்தில் வளர்வது. இரண்டாவது புற்றுநோய் என்றால் வேறு செல்லில், வேறு பிறப்பில் தொடங்கியது. 1932-இல் வாரன், கேட்ஸ் என்ற ஆய்வாளர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் அடிப்படையாக இருக்கிறது: இரண்டும் புற்றுநோய்தான் என்று திசுவில் உறுதியாக வேண்டும்; இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்; ஒன்று மற்றதிலிருந்து பரவியதல்ல என்பது தெளிவாக வேண்டும்.

ஆறு மாதத்துக்குள் இரண்டும் தெரிந்தால் ஒரே காலத்தில் வந்தவை என்றும், அதற்குப் பின் தெரிந்தால் பின்னால் வந்தது என்றும் வழக்கமாகப் பிரிப்பார்கள். சில பதிவேடுகள் இரண்டு மாதத்தையே எல்லையாகக் கொள்கின்றன.

பரவியது என்று முடிவானால் அது நாலாவது ஸ்டேஜ். இரண்டு தனி நோய் என்று முடிவானால் ஒன்று முதல் ஸ்டேஜாகவும் இன்னொன்று இரண்டாவது ஸ்டேஜாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டேஜ் போட வேண்டும். சிகிச்சையின் நோக்கமே மாறிவிடும். அதனால்தான் இரண்டாவது கட்டியிலிருந்தும் திசு எடுக்காமல் "பரவியது" என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். திசு எடுக்கவே முடியாத இடம், எடுத்தாலும் சிகிச்சை மாறாத நிலை என்று சில விலக்குகள் உண்டு. அப்படியானால் அந்தக் காரணத்தை மருத்துவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒருத்தருக்கே ஏன் இரண்டு வருகிறது?

நம் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டிய காரணம் புகையிலை. வெற்றிலையோடு புகையிலையும் சீவலும் அடக்குவது, பாக்கெட் புகையிலையை உதட்டுக்குள் வைப்பது, இரவெல்லாம் வலை காத்துக்கொண்டு பீடி பிடிப்பது, அதோடு சாராயம். இவை பட்ட இடம் ஒரு புள்ளி அல்ல. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் என்று முழுப் பரப்பும் பல ஆண்டுகளாக ஊறிக் கெட்டிருக்கும். 1953-இல் ஸ்லாட்டர் என்ற அறுவை மருத்துவரும் அவரது குழுவினரும் வாய்ப் புற்றுநோயைச் சுற்றியுள்ள, பார்வைக்கு நன்றாகத் தெரிந்த தோலிலும் மாறுதல் இருப்பதைக் காட்டினார்கள். ஓர் இடத்தில் முளைத்தால் அதே வயலில் இன்னோர் இடத்திலும் முளைக்கலாம். ஆகவே வாய்ப் புற்றுநோய் உள்ளவருக்குச் சிகிச்சை தொடங்கும் முன் தொண்டையையும் உணவுக்குழாயையும் கேமரா விட்டுப் பார்ப்பதும், நெஞ்சு சி.டி. எடுப்பதும் வீண் செலவில்லை.

உணவுக்குழாயை எண்டாஸ்கோப்பியில் பார்க்கும்போது லூகால் என்ற அயோடின் கரைசலைத் தெளித்தால் நல்ல தோல் பழுப்பு நிறமாகிவிடும். கெட்ட இடம் மட்டும் நிறம் ஏறாமல் மஞ்சளாக நிற்கும். வெறும் கண்ணுக்குத் தப்பும் ஆரம்பக் கட்டி இதில் பிடிபடும். அயோடின் ஒவ்வாமையோ தைராய்டு நோயோ இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

அடுத்த காரணம் பரம்பரை மரபணு; அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம். இன்னொன்று முதல் நோய்க்குச் செய்த சிகிச்சையே. கரண்ட் (கதிர்வீச்சு) வைத்த இடத்தில் பல ஆண்டுகள் கழித்துச் சதைப்புற்று வரலாம். சில கீமோ மருந்துகளுக்குப் பின் ரத்தப் புற்றுநோய் வரலாம். எட்டோபோசைட் போன்ற மருந்துகளுக்குப் பின் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளிலும், சைக்ளோபாஸ்பமைடு வகைக்குப் பின் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளிலும் வருவது வழக்கம். இது அரிது. இதற்குப் பயந்து தேவையான சிகிச்சையை விடக் கூடாது. வயதும் ஒரு காரணம்: எழுபதைக் கடந்தவருக்கு இரண்டு நோய் தற்செயலாகவே சேரலாம்.

கருவாடுதான் காரணம் என்கிறார்களே?

சீன முறையில் உப்பிட்ட மீன் மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அந்தத் தயாரிப்பு வேறு. அதை அப்படியே நம் நெத்திலிக் கருவாட்டின் மேல் ஏற்ற வேண்டாம். ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் கருவாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டே வாயில் புகையிலை அடக்கியிருப்பவர்களைப் பார்க்கிறோம். விட வேண்டியது புகையிலையைத்தான், இரண்டாவது நோய் வராமல் தடுக்கவும்தான்.

இரண்டும் வேறு வேறு என்று லேப்பில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் சாதாரண நிறமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வாயில் செதிள்செல் வகை, குடலில் சுரப்பிசெல் வகை என்றால் அங்கேயே விடை கிடைத்துவிடும். இரண்டும் சுரப்பிசெல் வகை என்றால் ஐ.எச்.சி. என்ற புரதச் சோதனை வேண்டும். ஒவ்வோர் உறுப்பின் செல்லும் தன் ஊர் முத்திரையைச் சுமந்திருக்கும். டி.டி.எஃப்-1 நிறமேறினால் நுரையீரல் அல்லது தைராய்டு, சி.டி.எக்ஸ்-2, சி.கே.20 என்றால் பெருங்குடல் பக்கம். கேட்டா-3, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்றால் மார்பகம். பாக்ஸ்-8 என்றால் சினைப்பை, சிறுநீரகம், தைராய்டு. ஒரே முத்திரையை நம்பாமல் நான்கைந்து சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

கடினமானது வாயிலும் நுரையீரலிலும் ஒரே செதிள்செல் வகை வருவது. முத்திரைகள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். அப்போது சி.டி. படம் பேச வேண்டும். ஒற்றைக் கட்டி, விளிம்பு முள்முள்ளாக, கழுத்தில் நெறி இல்லை, முதல் நோய் தீர்ந்து பல ஆண்டு ஆகிவிட்டது என்றால் புதிய நுரையீரல் புற்றுநோய் என்று எண்ண இடமுண்டு. ஓரங்களில் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பல இருந்தால் பரவியதாகவே இருக்கும். இரண்டு திசுக்களின் மரபணு மாற்றங்களையும் ஒப்பிடும் சோதனை இன்னும் தெளிவு தரும். செலவு அதிகம், முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும் செய்யலாம்.

ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடாதா?

இந்தப் பயத்தால் இழந்த மாதங்கள்தான் உயிரைப் பறிக்கின்றன. பயாப்சி என்பது சோதனைக்காகத் திசு எடுப்பது; முறையாக எடுத்தால் அதனால் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. விரைக் கட்டி போன்ற சிலவற்றில் மட்டும் ஊசியைத் தவிர்த்து நேரே அறுவை செய்வார்கள்; அது மருத்துவர்களுக்குத் தெரியும்.

பயாப்சி எடுக்கும்போது நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

தவறு அதிகம் நடப்பது இங்கேதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மெல்லிய ஊசி டெஸ்ட்டில் சில செல்கள் மட்டுமே வரும். புற்றா இல்லையா என்று சொல்லலாம். எந்த உறுப்பின் புற்று என்று சொல்ல அது பெரும்பாலும் போதாது. தடித்த ஊசியால் நூல்போல் திசு எடுக்கும் கோர் பயாப்சியைக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்பே சொல்ல வேண்டும். நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு இடத்திலிருந்து எடுத்தால் இரண்டு டப்பா. ஒரே டப்பாவில் போட்டால் எது எங்கிருந்து வந்தது என்று எந்த லேப்பாலும் சொல்ல முடியாது. பெயரும் இடமும் பக்கமும் மூடியில் எழுதாமல் டப்பாவின் உடம்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் மூடிகள் மாறிப் போகும். உள்ளே திசு கெடாமல் காக்கும் 10 சதவீதப் பஃபர் ஃபார்மலின் திரவம், திசுவின் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு. சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டால் திசு கெட்டு ஐ.எச்.சி. பொய் சொல்லும். மார்பகத் திசு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்து, திங்கள் விடுமுறை என்று செவ்வாயன்று மதுரைக்குப் பஸ்ஸில் அனுப்பினால் அந்தக் கணக்கு தவறிவிடும். ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டாம். மீனுக்குச் செய்வது திசுவுக்கு ஆகாது, உறைந்தால் செல் உடைந்துவிடும்.

ரிப்போர்ட் வந்த பின் பாரஃபின் பிளாக்கைக் கேட்டு வாங்கி வையுங்கள். தீப்பெட்டியைவிடத் தட்டையான பிளாஸ்டிக் சட்டம், அதன் மேல் மெழுகு, மெழுகுக்குள் வெளிர்நிறப் பொட்டாகத் திசு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். அந்த எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று பாருங்கள். இந்த மெழுகு 60 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். ராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்தால் மெழுகு இளகித் திசு கெட்டுப்போகும். கைப்பையில், நிழலில் கொண்டு போங்கள். கண்ணாடி ஸ்லைடுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனையில் மறுபடி பார்க்க இவை இருந்தால் மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.

பெட் ஸ்கேனில் இரண்டு இடம் ஒளிர்கிறது. அதுவே போதாதா?

போதாது. பெட் ஸ்கேன் காட்டுவது சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் இடத்தை. காசநோய் நெறியும் அதே மாதிரி ஒளிரும். வயிற்றுக்குள் வரும் காசநோய், நீர் கோத்து, சினைப்பைப் புற்றுநோய் முற்றியதுபோலவே தோற்றம் காட்டும். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் ஒளிர்ந்த நெறியில் ஊசி போடாமல் கீமோ தொடங்குவது ஆபத்து: கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்து காசநோய் பெருகும். எடுத்த திசுவில் ஒரு பகுதியைக் காசநோய்ச் சோதனைக்கும் கேளுங்கள்; அந்தத் துண்டு ஃபார்மலினில் போகக் கூடாது, சலைனில் போக வேண்டும்.

ஸ்கேனுக்கு முன் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் படம் தெளியாது. முந்தைய நாள் வலை இழுப்பது போன்ற கடின வேலை வேண்டாம், தசையெல்லாம் ஒளிரும். ஸ்கேன் முடிந்த அன்று கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் சில மணி நேரம் நெருங்க வேண்டாம்.

ரத்தத்தில் கேன்சர் டெஸ்ட் எடுத்தால் தெரியாதா?

சி.இ.ஏ., சி.ஏ.125 போன்றவை உறுதி செய்யும் சோதனைகள் அல்ல. சி.ஏ.125 வயிற்றுக் காசநோயிலும் ஏறும். சிகிச்சை பலிக்கிறதா என்று பின்னால் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

எந்த நோய்க்கு முதலில் சிகிச்சை?

உயிருக்கு முதலில் ஆபத்து தருவது எதுவோ அதற்கு. முதலில் கண்டுபிடித்தது எது, வலிப்பது எது என்பது கணக்கில்லை. மூச்சை அடைப்பது, குடலை அடைப்பது, ரத்தம் கொட்டுவது எல்லாவற்றுக்கும் முந்தியது.

சில உதாரணங்கள். மார்பகப் புற்றுநோயும் சின்ன பாப்பிலரி தைராய்டுப் புற்றுநோயும் சேர்ந்து வந்தால் மார்பகம் முதலில்; தைராய்டு மெதுவானது, சில மாதம் காத்திருக்கும். ஒரு நுணுக்கம்: படம் தெளிவாகத் தெரிய அயோடின் கான்ட்ராஸ்ட் என்ற மருந்து போட்டு சி.டி. எடுத்தால் அதற்குப் பின் ஒன்று முதல் இரண்டு மாதம் தைராய்டுக்கான கதிரியக்க அயோடின் சிகிச்சை பலிக்காது. எனவே ஸ்கேன் எடுக்குமுன் தைராய்டு விஷயத்தைச் சொல்லுங்கள். ஆரம்பநிலை புராஸ்டேட்டும் நுரையீரலும் என்றால் நுரையீரல் முதலில். புராஸ்டேட்டைக் கண்காணிப்பிலோ ஹார்மோன் ஊசியிலோ நிறுத்தி வைக்கலாம். பெருங்குடலில் இரண்டு கட்டி என்றால் ஒரே அறுவையில் இரண்டையும் எடுக்கலாம்; அடைப்பால் முழுக் குடலையும் முன்பே பார்க்க முடியாதவருக்கு, அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முழு கொலனோஸ்கோப்பி (பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்ப்பது) கட்டாயம்.

நம் பகுதியில் மிகச் சிக்கலானது வாயும் உணவுக்குழாயும் சேர்வது. உணவுக்குழாயில் இருப்பது மேல்தோலோடு நிற்கும் ஆரம்பக் கட்டி என்றால் எண்டாஸ்கோப்பி வழியே சீவி எடுத்துவிட்டு வாய்க்கு அறுவை செய்யலாம். ஆழமாக இருந்தால் பலருக்கு வாய் அறுவை முதலில், பின் இரண்டு இடத்துக்கும் கரண்ட்டும் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோவும் சேர்த்துத் திட்டமிடுவார்கள். வாய் அறுவைக்கும் கரண்ட் தொடங்குவதற்கும் நடுவே ஆறு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் கரண்ட்டுக்கு இரண்டு வாரம் முன்பே பிடுங்கி ஆறவிட வேண்டும்; பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் அபாயம் உண்டு.

இவற்றை ஒரு மருத்துவர் தனியாக முடிவு செய்வது சரியல்ல. அறுவை, கீமோ, கரண்ட், திசு, ஸ்கேன் மருத்துவர்கள் ஐவரும் ஒரே மேசையில் உட்காரும் டியூமர் போர்டு முடிவை எழுத்தில் கேளுங்கள்.

ஒரே கீமோ இரண்டையும் கேட்குமா? முன்பே ஒருமுறை சிகிச்சை எடுத்தவருக்கு?

சில ஜோடிகளுக்குக் கேட்கும். கார்போபிளாட்டினும் பேக்லிடாக்சலும் சினைப்பைக்கும் சிலவகை மார்பகப் புற்றுக்கும் பயன்படும். ஜோடி பொருந்தாவிட்டால் இரண்டு கீமோவை ஒரே நேரத்தில் கொட்டக் கூடாது, ரத்த அணுக்கள் தாங்காது.

முன்பு சிகிச்சை எடுத்தவர் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவராவிட்டால் மருத்துவர் இருட்டில் நடக்கிறார். சிவப்பு நிற மருந்தான டாக்சோருபிசினுக்கு வாழ்நாள் அளவு உண்டு: உடல்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 450 முதல் 550 மி.கி. தாண்டினால் இதயம் பழுதாகும். கரண்ட்டிலும் அப்படியே; முதுகுத் தண்டு மொத்தம் 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரைதான் தாங்கும், பழைய பகுதியும் புதிய பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கால் விளங்காமல் போகும் அபாயம் உண்டு. எனவே மொத்த கிரே, எத்தனை நாள், எந்தத் தேதி என்ற தாளோடு, திட்டம் பதிந்த சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கும். விசைப்படகு எஞ்சின் பக்கத்திலேயே காலம் கழித்தவருக்குக் காது ஏற்கெனவே மந்தமாக இருக்கலாம்; முதல் டோஸுக்கு முன் காதுச் சோதனை செய்யுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான டாமொக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவருக்கு மாதவிடாய் நின்ற பின் சொட்டு ரத்தம் பட்டாலும் கருப்பையைச் சோதிக்க வேண்டும்.

கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

நம் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கரண்ட் சிகிச்சை ஆறு, ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்பதால் அதற்குள் அடங்கும். நோய் மார்ச் கடைசியில் தெரிந்தால் சரி. தை மாதம் தெரிந்ததைத் தடைக்காலம் வரை தள்ளிப்போட்டால் கட்டி வளர்ந்துவிடும். தொடங்கிய கரண்ட்டை நடுவில் விடுவதும் அதே அளவு கெடுதல். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குத் தினமும் போய் வருவது ஆகாத காரியம், மருத்துவமனை அருகே தங்க இடம் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கீமோ போட்ட 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை வெள்ளணு மிகக் குறைந்திருக்கும். அந்த நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது, மீன் அறுக்கக் கூடாது. நண்டுக் கொடுக்கோ கெளுத்தி முள்ளோ குத்திய சின்னக் காயத்தில் உப்புநீர்க் கிருமி புகுந்தால் ஒரே நாளில் ரத்தம் வரை பரவும். தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்காமல், நள்ளிரவானாலும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் "கீமோ போட்டவர்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வாப்பாவுக்கு மூக்கில் குழாய் போட்டிருக்கிறது. என்ன கொடுக்கலாம்?

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ உள்ளவருக்கு 1500 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். கேழ்வரகுக் கூழ், பால், வேகவைத்த முட்டை, பருப்பு, முள் நீக்கிய மீன் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி., இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை. முதுகைச் சாய்த்து உட்காரவைத்து, மெதுவாக விட்டு, அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது. குழாயில் மூக்கருகே போட்ட மை அடையாளம் வெளியே நகர்ந்திருந்தால் எதுவும் விடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

எனக்கு மார்பிலும் சினைப்பையிலும் வந்திருக்கிறது. மகளுக்கும் வருமா?

மார்பகமும் சினைப்பையும் என்றால் பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் பரம்பரைக் குறை இருக்கலாம், குடலும் கருப்பையும் என்றால் லின்ச் என்ற பரம்பரைக் குறைபாடு இருக்கலாம். இந்த ஜோடிகளில் கட்டாயம் மரபணுச் சோதனை கேளுங்கள். லின்ச்சுக்கு முதல் படியாக எடுத்த கட்டியிலேயே நான்கு புரதங்களைப் பார்க்கலாம். மற்றதற்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம் போதும். குறை இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி; மகளுக்கு மட்டுமில்லை, மகனுக்கும். சோதனையை நோயாளியிடம் தொடங்க வேண்டும், பிள்ளையிடமிருந்து அல்ல. "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு" என்று மறைப்பதைவிட, அவள் எந்த வயதில் என்ன ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது அவளைக் காக்கும்.

செலவு?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. இரண்டு நோய்க்கும் தனித்தனி முன் அனுமதி கேட்க வேண்டும், இரண்டு பயாப்சி ரிப்போர்ட்டையும் இணைக்க வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதமும் கிடைக்கும். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டும் தீர்ந்த பிறகு எவ்வளவு நாள் வர வேண்டும்?

இரண்டு நோய்க்கும் இரண்டு அட்டவணை. வாய், தொண்டைக்கு முதல் ஆண்டு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டு இரண்டு முதல் ஆறு மாதம், பின் ஐந்தாண்டு வரை இடைவெளி கூட்டிக்கொண்டே. மார்பகத்துக்கு ஆண்டுக்கொரு மேமோகிராம். குடலுக்கு ஓராண்டில் கொலனோஸ்கோப்பி, சரியாக இருந்தால் அடுத்தது மூன்றாண்டில், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. நடுவே மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், புதிதாகக் குரல் கம்மல், விழுங்கும்போது சிக்கல், சளியில் ரத்தம் என்று எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். போகும்போது இரண்டு நோயின் ஃபைலையும் எடுத்துப் போங்கள். ஒரு ஃபைலை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு இன்னொரு நோய் இருந்ததே தெரியாது.